காந்த விளையாட்டுப் பொருட்கள்: பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுக்கலாமா?

பெருநாள் நெருங்கும்போதும், பரீட்சை முடிந்து பாடசாலை விடுமுறை தொடங்கும்போதும் பிள்ளைகளுக்கு என்ன வாங்கிக் கொடுக்கலாம் என்ற கேள்வி எல்லா வீடுகளிலும் எழுகின்றது. காந்தத்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் கட்டுமான விளையாட்டுப் பொருட்களைப் பலரும் இப்போது சிபாரிசு செய்கின்றனர். வெளிநாட்டிலிருந்து வாப்பாவோ சாச்சாவோ கொண்டு வரும் பொதியிலும் அவை இடம்பெறுகின்றன. "மூளையை வளர்ப்பது" என்று பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். விலையும் இலேசானதல்ல.

இவை உண்மையிலேயே பயன் தருபவையா? ஆபத்தானவை என்று சிலர் எச்சரிக்கின்றார்களே, அது சரிதானா? வாசக நேயர்களே, இரண்டு கேள்விகளுக்கும் "ஆம்" என்பதே விடை. காந்த விளையாட்டுப் பொருட்கள் என்று நாம் ஒரே பெயரால் அழைப்பவை உண்மையில் மூன்று வேறு வகைப் பொருட்கள். அவற்றைப் பிரித்தறிந்து கொண்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

மூன்று வகைகள்

முதலாவது வகை, காந்தத் தட்டுகள். சதுரம், முக்கோணம் ஆகிய வடிவங்களில் அமைந்த, ஒளி ஊடுருவும் வண்ண வண்ணப் பிளாஸ்டிக் தட்டுகள் இவை. ஓரங்களின் உள்ளே சிறு காந்தங்கள் மூடி வைக்கப்பட்டிருக்கும். அமெரிக்காவில் 1997இல் விற்பனைக்கு வந்த 'மக்னா டைல்ஸ்' இவ்வகையில் பிரபலமானது.

இரண்டாவது வகை, குச்சியும் குண்டும். இரு முனைகளிலும் காந்தம் பொருத்திய சிறு பிளாஸ்டிக் குச்சிகளை உருக்குக் குண்டுகளால் இணைத்து உருவங்கள் அமைப்பது. கிளாடியோ விசென்டெல்லி என்ற இத்தாலியர் 1998இல் காப்புரிமை பெற்ற 'ஜியோமாக்' இதற்கு உதாரணம். இது சுவிட்சர்லாந்தில் தயாரிக்கப்படுகின்றது.

மூன்றாவது வகை, தனிக் காந்த மணிகள். சுமார் 5 மில்லிமீற்றர் விட்டம் மட்டுமே கொண்ட, மிளகளவு உருண்டைகள். ஒரு பெட்டியில் 216 மணிகள் வரை இருக்கும். பெரியவர்கள் மேசையில் வைத்து உருட்டி மன இறுக்கம் தீர்ப்பதற்காக விற்கப்பட்டவை இவை. பார்ப்பதற்கு விளையாட்டுப் பொருள் போலவே இருப்பதால் பிள்ளைகளின் கைக்கு வந்து சேர்ந்துவிட்டன.

பிள்ளை என்ன கற்கின்றது?

காந்தத்தைப் பற்றிய விஞ்ஞான அறிவு கிடைக்கும் என்று எண்ணித்தான் பல பெற்றோர் இவற்றை வாங்குகின்றனர். இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஒத்த முனைகள் ஒன்றையொன்று தள்ளும் என்பது காந்தத்தின் முதற் பாடம். ஆனால் உருக்குக் குண்டு காந்தத்தின் எந்த முனையோடும் ஒட்டிக்கொள்ளும். காந்தத் தட்டுகள் சிலவற்றிலோ உள்ளே இருக்கும் காந்தம் தானாகவே சுழன்று ஒட்டும் பக்கத்துக்குத் திரும்பிவிடுகின்றது. பிள்ளை சலித்துப் போகாதிருப்பதற்காகச் செய்த ஏற்பாடு இது. ஆகவே காந்தவியலை இவற்றில் அதிகம் கற்க முடியாது. அதற்குச் சாதாரணப் பாடசாலைச் சட்டக் காந்தம் இரண்டும் ஒரு பிடி இரும்புத் தூளும் போதும்.

ஆனால் வடிவங்களைப் பற்றி இவை கற்பிப்பது ஏராளம். ஒரு சிறிய பரிசோதனையை உங்கள் பிள்ளையோடு சேர்ந்து செய்து பாருங்கள். நான்கு குச்சிகளையும் நான்கு குண்டுகளையும் கொண்டு ஒரு சதுரம் அமைத்து, நிமிர்த்தி, ஒரு மூலையில் விரலால் தள்ளுங்கள். அது சாய்ந்து சரிந்துவிடும். மூன்று குச்சி, மூன்று குண்டு கொண்டு முக்கோணம் அமைத்துத் தள்ளுங்கள். அது வடிவம் மாறாது நிற்கும். நமது வீட்டுக் கூரைச் சட்டங்களிலும், இரும்புப் பாலங்களிலும், மின்கம்பிகளைத் தாங்கும் உயர்ந்த கோபுரங்களிலும் முக்கோணங்கள் நிறைந்திருப்பதன் இரகசியம் இதுவேயாகும்.

இன்னும் ஒரு படி மேலே செல்லுங்கள். 12 குச்சிகளும் 8 குண்டுகளும் இருந்தால் ஒரு கனசதுரம் அமைக்கலாம். அது தள்ளாடும். அதே 12 குச்சிகளை 6 குண்டுகளோடு சேர்த்தால் எட்டு முக்கோணங்கள் கொண்ட எண்முகி உருவாகும். அது உறுதியாக நிற்கும். குச்சிகளின் எண்ணிக்கை ஒன்றே. அடுக்கிய முறைதான் வேறு. குண்டுகளின் தொகையோடு முகங்களின் தொகையைக் கூட்டி, குச்சிகளின் தொகையைக் கழித்தால் இரண்டு உருவங்களிலும் விடை 2 என்றே வரும். ஒயிலர் என்ற கணித மேதை 18ஆம் நூற்றாண்டில் கூறிய விதி இது. கரும்பலகையில் எழுதினால் புரியாத இவ்விதியைப் பத்து வயதுப் பிள்ளை தன் கையாலேயே கண்டுகொள்ளும்.

இதில் ஒரு குறையும் உண்டு. மரக்கட்டைகளை அடுக்கும் பிள்ளை சமநிலையைப் பொறுமையோடு கற்கின்றது. கோணலாக வைத்தால் கட்டை விழுந்துவிடும். காந்தமோ கோணலாக வைத்தாலும் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். சிறு கைகளுக்கு அது உற்சாகம் தரும். ஆனால் மரக்கட்டை கற்பிக்கும் பாடத்தை அது கற்பிக்காது. எனவே ஒன்றுக்குப் பதில் மற்றொன்று என்று எண்ண வேண்டாம். அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2018இல் வெளியிட்ட அறிக்கையும் விலையுயர்ந்த மின்னணுப் பொருட்களைவிடக் கட்டைகள், புதிர்கள் போன்ற எளிய பொருட்களையே சிபாரிசு செய்கின்றது. பெற்றோரும் கூட இருந்து விளையாடுவது நல்லதென்றும் அது வற்புறுத்துகின்றது.

ஒரு குழந்தையின் மரணம்

இனி, எச்சரிக்கைக்கு வருவோம். 2005 நவம்பரில் அமெரிக்காவில் 20 மாதக் குழந்தையொன்று இறந்தது. அதன் அண்ணனுக்குக் கிடைத்திருந்த 'மக்னெட்டிக்ஸ்' என்ற கட்டுமான விளையாட்டுப் பொருளிலிருந்து சிறு காந்தங்கள் கழன்று தரையில் கிடந்தன. குழந்தை அவற்றை விழுங்கிவிட்டது. வயிற்றுக்குள் அவை ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு குடலை முறுக்கிவிட்டன. 2006 மார்ச்சில் 38 இலட்சம் பெட்டிகள் மீளப் பெறப்படுவதாக அறிவிக்கப்பட்டது. 2007 ஏப்ரலில் அந்த அறிவித்தல் மேலும் விரிவாக்கப்பட்டது.

மணி வகையின் கதை இதைவிட நீண்டது. 'பக்கிபால்ஸ்' என்ற மணிகளை விற்ற கம்பனிக்கு எதிராக அமெரிக்காவின் நுகர்வோர் பொருட்கள் பாதுகாப்பு ஆணைக்குழு 2012இல் நடவடிக்கை எடுத்தது. 2014இல் அது கொண்டுவந்த கட்டுப்பாட்டை 2016இல் நீதிமன்றம் இரத்துச் செய்தது. மீண்டும் 2022இல் புதிய விதி வந்தது. விழுங்கக்கூடிய அளவுள்ள தனிக் காந்தங்களின் வலுவுக்கு அவ்விதி கடுமையான எல்லை வகுத்தது. 2017 முதல் 2021 வரை ஆண்டுதோறும் சுமார் 2,400 பேர் காந்தம் விழுங்கி அமெரிக்க வைத்தியசாலைகளின் அவசர சிகிச்சைப் பிரிவுகளுக்கு வந்ததாக அந்த ஆணைக்குழு மதிப்பிட்டுள்ளது.

கைக்குழந்தைகள் மட்டும்தான் விழுங்கும் என்று எண்ணிவிடாதீர்கள். நாக்கிலோ மூக்கிலோ நகை குத்தியது போல் காட்டுவதற்காக இரு புறமும் காந்த மணி வைக்கும் பழக்கம் வளர்ந்த பிள்ளைகளிடையே பரவியதால், 2021 மே மாதத்தில் இங்கிலாந்தின் தேசிய சுகாதார சேவை எச்சரிக்கை விடுக்க நேர்ந்தது. வாய்க்குள் வைத்த மணி தொண்டைக்குள் நழுவ ஒரு கணம் போதும்.

வயிற்றுக்குள் என்ன நடக்கின்றது?

பழைய காந்தங்களுக்கு இத்தனை வலு கிடையாது. 1980களின் தொடக்கத்தில் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் கண்டுபிடிக்கப்பட்ட நியோடிமியம் காந்தம் அளவில் சிறியது, வலுவில் பெரியது. ஒரேயொரு காந்தத்தை விழுங்கினால் பெரும்பாலும் மலத்தோடு வெளியேறிவிடும். இரண்டை விழுங்கினாலோ, ஒரு காந்தத்தோடு ஓர் இரும்புத் துண்டை விழுங்கினாலோதான் விபரீதம். குடல் சுருண்டு மடிந்து கிடப்பது. ஒரு மடிப்பில் ஒரு காந்தமும் பக்கத்து மடிப்பில் மற்றதும் இருந்தால், இடையிலுள்ள குடற் சுவர்களை நசுக்கியவாறு அவை ஒட்டிக்கொள்கின்றன. நசுங்கிய இடத்தில் இரத்த ஓட்டம் நின்று சதை அழுகித் துளை விழுகின்றது. கிருமிகள் வயிற்றறைக்குள் பரவுகின்றன.

இதில் கொடுமை என்னவென்றால், ஆரம்பத்தில் பிள்ளை நன்றாகவே இருக்கும். பிறகு வயிற்று வலி, வாந்தி, காய்ச்சல் வரும். சாதாரண வயிற்றுக் கோளாறு என்று நினைத்து நாட்களைக் கடத்திவிடுவோம்.

வாழைப்பழ வைத்தியம் வேண்டாம்

பிள்ளை காசை விழுங்கிவிட்டால் வாழைப்பழம் கொடுத்து, "நாளைக்கு வந்துவிடும்" என்று காத்திருப்பது நமது வீடுகளின் வழக்கம். காந்தம் விழுங்கியதாகச் சந்தேகம் வந்தால் இதைச் செய்யவே கூடாது. வாந்தி எடுக்கச் செய்யவும் வேண்டாம். மயக்க மருந்து கொடுக்க நேரலாம் என்பதால், வைத்தியர் சொல்லும் வரை உணவோ பானமோ கொடுக்காதீர்கள். நேரே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். வாகனம் இல்லையேல் 1990 சுவசெரிய இலவச அம்பியூலன்ஸை அழையுங்கள்.

வைத்தியரிடம் "காந்தம்" என்ற சொல்லை மறக்காமல் சொல்லுங்கள். எக்ஸ்றே படத்தில் ஒட்டிக்கொண்ட இரண்டு காந்தங்கள் ஒன்று போலத் தோன்றலாம் என்பதால் பக்கவாட்டிலும் படம் எடுக்க வேண்டியிருக்கும். எம்.ஆர்.ஐ. இயந்திரத்தின் பக்கமே பிள்ளையைக் கொண்டு செல்லலாகாது. காந்தம் இரைப்பையில் இருக்கும்போதே வந்துவிட்டால், சத்திரசிகிச்சையின்றிக் குழாய் மூலம் எடுத்துவிட வாய்ப்புண்டு. அதனால்தான் ஒவ்வொரு மணித்தியாலமும் பெறுமதியானது.

வாங்கும்போது கவனிக்க

1. தனிக் காந்த மணிகளைப் பிள்ளைகள் உள்ள வீட்டுக்குள் கொண்டு வராதீர்கள். அன்பளிப்பாக வந்தாலும் ஏற்க வேண்டாம்.

2. காந்தத் தட்டுகளை மூன்று வயதிலிருந்து கொடுக்கலாம். ஓரங்கள் நன்கு மூடப்பட்டு, மூலைகளில் ஆணி அறைந்து இறுக்கப்பட்டவையா என்று பாருங்கள். பசையால் மட்டும் ஒட்டிய மலிவான போலிகள் ஒருமுறை விழுந்தாலே பிளந்துவிடலாம்.

3. குச்சியும் குண்டும் ஆறேழு வயதுக்கு மேற்பட்ட, எதையும் வாயில் போடாத பிள்ளைக்கு உரியவை. தவழும் தம்பி தங்கை இருந்தால், அவர்கள் வளரும் வரை பொறுத்திருங்கள்.

4. மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளைகளின் விளையாட்டுப் பொருட்களைச் சோதிக்கும் உருளையின் விட்டம் 31.7 மில்லிமீற்றர். அதாவது ஒன்றேகால் அங்குலம். அதற்குள் அடங்கும் எதுவும் அவர்களின் கைக்கு எட்டக்கூடாது.

5. விளையாடி முடிந்ததும் பிள்ளையைக் கொண்டே எண்ணிப் பெட்டியில் போடச் செய்யுங்கள். ஒன்று குறைந்தாலும் தேடுங்கள். வெடித்த துண்டை அன்றே கழித்துவிடுங்கள்.

6. இதயத் துடிப்புக் கருவி பொருத்திய மூத்தவர்களின் மடியில் வைத்து விளையாட விடாதீர்கள்.

பெற்றோரே! பயந்து நல்ல பொருளொன்றை ஒதுக்கவும் வேண்டாம்; பெட்டியிலுள்ள விளம்பரத்தை நம்பி எதையும் வாங்கவும் வேண்டாம். உறுதியாகச் செய்த ஒரு பெட்டி காந்தத் தட்டுகள் மூன்று வயதிலிருந்து பத்து வயது வரை, ஒரு பிள்ளையிடமிருந்து அடுத்த பிள்ளைக்குக் கைமாறிப் பயன்படும். அந்த வகையில் கொடுத்த பணத்துக்குப் பெறுமதி உண்டு. அது வாங்க வசதியில்லாத வீட்டில் தச்சுப் பட்டறையில் மிஞ்சிய மரத்துண்டுகளை உரமிட்டுத் தேய்த்து மழமழப்பாக்கிக் கொடுத்தாலும் பிள்ளை கோபுரம் கட்டும். எதைக் கொடுத்தாலும் பக்கத்தில் அரை மணி நேரம் அமர்ந்து, "இது ஏன் விழுந்தது? அது ஏன் நின்றது?" என்று கேளுங்கள். பிள்ளையின் அறிவு அந்தக் கேள்விகளால்தான் வளர்கின்றது.