நாற்காலியும் ஒரு மருந்துதான்!

தீபாவளிக்கு ஜவுளி எடுக்கப் போகிறீர்கள். கடையில் உங்களை உட்காரச் சொல்லி, குடிக்க ஜில்லென்று தண்ணீரும் கொடுப்பார்கள். ஆனால் எதிரே நாற்பது புடவைகளைப் பிரித்துக் காட்டுகிறாரே, அந்தப் பெண்? கடை திறந்ததிலிருந்து நின்றபடியேதான் இருப்பார். அவர் கால்களை என்றைக்காவது கவனித்திருக்கிறீர்களா?

காலுக்கு இறங்கிய ரத்தம் இதயத்துக்குத் திரும்பி ஏற வேண்டும். அதைப் பிழிந்து மேலே தள்ளுவது கெண்டைக்கால் தசை. நடக்கும்போது அது நன்றாக வேலை செய்யும். ஒரே இடத்தில் மணிக்கணக்கில் நின்றால் ரத்தம் கீழேயே தேங்கும். நாளடைவில் ரத்தக் குழாய்களின் வால்வுகள் பழுதாகி, நரம்பு சுருண்டாற்போல் புடைத்துத் தெரியும். இதைத்தான் 'வெரிகோஸ் வெயின்' என்கிறார்கள். சாயந்திரமானால் கால் கனக்கும், வீங்கும். கணுக்கால் அரிக்கும், கறுக்கும். கவனிக்காமல் விட்டால் ஆறாத புண்ணாகிவிடும்.

சித்த மருத்துவத்தில் '14 வேகங்கள்' என்று உண்டு. சிறுநீர், மலம், பசி, தாகம், தூக்கம், இளைப்பு என்று உடம்பு தானாகக் கேட்பவை. இவற்றை அடக்கினால் நோய் வரும் என்று பாளையங்கோட்டைக் கல்லூரியில் எங்களுக்குப் பாடம். சரி, வேலை செய்கிற இடமே அடக்கச் சொன்னால்?

நீர்க்கடுப்போடு வந்த ஒரு ஜவுளிக்கடைப் பெண்ணிடம் நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லி, நீர்முள்ளிக் குடிநீரும் எழுதிக் கொடுத்தேன். சீட்டை வாங்கியவர், "இதைக் குடிச்சா அடிக்கடி போகணுமே டாக்டர்... கூட்ட நேரத்துல விடமாட்டாங்களே!" என்றார். அதற்குப் பயந்தே பகலில் தண்ணீர் குடிப்பதை விட்டிருக்கிறார். நோய்க்கு மருந்து இருக்கிறது. அதைக் குடிக்கத்தான் வழியில்லை!

அந்த வழியைப் போராடிப் பெற்றவர்கள் கேரளப் பெண்கள். கோழிக்கோடு மிட்டாய்த் தெருக் கடைகளில் வேலை பார்த்தவர்கள் முதலில் கேட்டது கழிவறை. தையல் வேலை செய்த விஜி என்பவர் முன்னின்று, 'பெண்கூட்டு' என்ற அமைப்பாகத் திரண்டார்கள். அடுத்து, உட்காரும் உரிமையையும் கேட்டார்கள். 2018-ல் கேரள அரசு சட்டத்தைத் திருத்தியது.

'அங்காடித் தெரு' படத்தை 2010-ல் பார்த்துக் கண் கலங்கினோமே, நம் தமிழ்நாட்டிலும் 2021 செப்டம்பரில் சட்டமன்றத்தில் மசோதா வந்தது. கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவு சேர்ந்தது. வேலை நேரம் முழுக்க நின்றே இருக்கும்படி வைக்கக் கூடாது, ஊழியர்கள் உட்கார இருக்கை வேண்டும் என்பது இப்போது சட்டம்.

சட்டம் வந்தால் போதுமா? நாற்காலி இருந்தும், 'கஸ்டமர் என்ன நினைப்பாரோ' என்று உட்காரப் பயப்படுகிறவர்கள் உண்டு. அந்தக் கஸ்டமர் நீங்கள்தான்! உட்கார்ந்திருக்கும் பெண்ணைப் பார்த்து முகம் சுளிக்காதீர்கள். நாற்காலியே இல்லையென்றால், "இவங்க உட்கார ஒண்ணும் போடலையா?" என்று முதலாளியிடம் கேளுங்கள். ஊழியர் கேட்க முடியாததை நீங்கள் கேட்கலாம்.

உங்கள் வீட்டில் நின்று வேலை பார்ப்பவர் இருந்தால், அவ்வப்போது குதிகாலை உயர்த்தி இறக்கச் சொல்லுங்கள். இரவில் கால்மணி நேரம் காலைத் தலையணைகள் மேல் உயர்த்தி வைக்கட்டும். புடைத்த இடத்தில் எண்ணெய் விட்டு அழுத்தித் தேய்க்க வேண்டாம். ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தால், கைவைத்தியம் பார்க்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கடைசியாக ஒரு கேள்வி. உங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க வருகிற அம்மாவுக்கு உட்கார ஒரு நாற்காலி உண்டா? அவசரத்துக்கு உங்கள் கழிவறைக்குப் போக அனுமதி உண்டா? இல்லையென்றால், நாளைக் காலையில் அவர் வந்ததும் நீங்களே சொல்லிவிடுங்கள். அவராகக் கேட்கமாட்டார்.