அச்சமும் அதன் மருந்தும்



பல ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பில் ஒரு மாணவன் பயின்றான். அறிவிற் குறைந்தவன் அல்லன். எழுத்துத் தேர்வில் முதல் ஐவருள் ஒருவனாக வருவான். ஆனால், எழுந்து நின்று பாடத்தை உரக்கப் படி என்றால் அவன் கை நடுங்கும், நா உலரும், முகம் வியர்க்கும். சில நாள் பார்த்தேன். பின்னர், ‘இனி நீ படிக்க வேண்டா’ என்று நிலையாக விலக்கு அளித்துவிட்டேன். அதனை இரக்கம் என்றே எண்ணினேன். அடுத்த ஆண்டில் வருகைப் பதிவின்போது ‘உள்ளேன் ஐயா’ என்று சொல்லவும் அவன் அஞ்சினான். அதற்கடுத்த ஆண்டில் பள்ளிக்கே வரவில்லை. என் இரக்கம் எங்கே பிழைத்தது? அதனை விளக்குவதே இவ்வுரையின் நோக்கம்.

அச்சம் எல்லா உயிர்க்கும் இயற்கை. பாம்பைக் கண்டு விலகுவது நோயன்று, அறிவுடைமை. ஆனால், உள்ள ஆபத்துக்கு மிஞ்சிய அச்சம் நெடுநாள் நீடித்து, ஒருவருடைய படிப்பையும் தொழிலையும் உறவையும் தடுக்குமாயின் அஃது அச்சநோய் எனப்படும். உயரம், நாய், ஊசி, பலர்முன் பேசுதல் என அதற்குப் பொருள்கள் பல.

அச்சத்தைக் கற்பிக்கவும் இயலும் என்று 1920-ஆம் ஆண்டில் அமெரிக்க உளவியலார் ஜான் வாட்சனும் ரோசலி ரேனரும் காட்டினர். ஏறத்தாழப் பதினொரு மாதக் குழந்தை ஒன்று வெள்ளெலியைத் தொடும்போதெல்லாம், அதன் பின்னால் இரும்புத் தண்டைச் சுத்தியலால் ஓங்கி அடித்தனர். சில முறைக்குப்பின், ஓசையே இல்லாதபோதும் எலியைக் கண்டு குழந்தை அழுதது. முயலைக் கண்டும் அழுதது. அந்த அச்சத்தை நீக்குமுன்னரே குழந்தை மருத்துவமனையை விட்டுப் போய்விட்டது. இன்றைய ஆய்வு நெறி ஒருபோதும் இசையாத சோதனை அது.

கற்பிக்கப்பட்ட அச்சத்தை நீக்கவும் கற்பிக்கலாம் அன்றோ? இவ்வினாவுக்கு விடை தேடியவர் மேரி கவர் ஜோன்ஸ் அம்மையார். 1924-இல் அவர் வெளியிட்ட ஆய்வுரையில் பீட்டர் என்று குறிக்கப்பெறும் சிறுவனுக்கு அப்போது மூன்று வயதுகூட நிரம்பவில்லை. முயலைக் கண்டால் அலறுவான். அஞ்சாத குழந்தைகள் முயலுடன் விளையாடுவதை அவன் காணுமாறு செய்தனர். முதலில் கூண்டிலிருந்த முயலைப் பன்னிரண்டு அடித் தொலைவில் பொறுத்துக்கொண்டான், பின்னர் நான்கடி, பின்னர் மூன்றடி. இடையில் காய்ச்சலுற்று இரண்டு மாதம் மருத்துவமனையில் இருந்தான். வெளியே வரும்போது பெரிய நாய் ஒன்று அவனை வெருட்டவே, பழைய அச்சம் மீண்டது. அம்மையார் சோர்வடையவில்லை. சிறுவன் விரும்பிய உணவை உண்ணும் வேளையில், அவன் கலங்காத தொலைவில் முயலை வைத்து, நாளடைவில் அருகே கொணர்ந்தார். முடிவில், முயல் தன் விரல்களைக் கொறிக்கவும் அவன் இடங்கொடுத்தான்.

இதன் நுட்பம் யாது? அஞ்சும் பொருளை விட்டு ஓடியவுடன் மனத்துக்கு ஆறுதல் பிறக்கிறது. அவ்வாறுதலே ஓட்டத்துக்குப் பரிசாகிறது. அடுத்த முறை இன்னும் விரைந்து ஓடச் செய்கிறது. மேலும், அஞ்சியது நடவாது என்பதை அறியும் வாய்ப்பே ஓடுபவனுக்குக் கிடைப்பதில்லை. ஓடாது நின்றால், நெஞ்சின் படபடப்பு ஏறி, பெரும்பாலும் சற்று நேரத்தில் தானே தணியும். ‘என்னால் தாங்க முடிந்தது’ என்ற புதிய பாடத்தை மனம் பெறும். பழைய பாடம் முற்றும் அழிந்துவிடுவதில்லை. ஆதலால்தான் பீட்டருக்கு அச்சம் மீண்டது. பயிற்சியும் பல இடங்களில் பல முறை வேண்டப்படுகிறது.

தென்னாப்பிரிக்காவில் பிறந்த மனநல மருத்துவர் ஜோசப் வோல்ப்பே 1958-இல் வெளியிட்ட நூலில் இம்முறையை ஒழுங்குபடுத்தினார். நோயாளி தம் அச்சங்களைச் சிறிதிலிருந்து பெரிதுவரை வரிசைப்படுத்துவார்; உடலைத் தளர்த்தி அமைதியுறப் பழகிய பின் ஒவ்வொரு படியாக ஏறுவார். 1960-களில் ஆரன் பெக் என்னும் அமெரிக்க மருத்துவர், மனச்சோர்வுற்றோரின் எண்ணங்களை ஆராயத் தலைப்பட்டார். ‘நான் தவறினால் எல்லாரும் நகைப்பர்’ என்பது போன்ற எண்ணம் உண்மைதானா எனச் சான்று கேட்டுச் சோதிப்பது அவர் வகுத்த வழி. இவ்விரு நெறிகளும் இணைந்ததே இன்று வழங்கும் அறிதல்–நடத்தைச் சிகிச்சை.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள். அஞ்சுபவரை வலிந்து தள்ளுவது இம்முறையன்று. நீந்தத் தெரியாதவனைக் கிணற்றில் தள்ளுவது நீச்சற் பயிற்சி ஆகுமா? நோயாளியின் இசைவும் பயிற்சி பெற்றவரின் துணையும் வேண்டும். மேலும், எல்லா மனநோய்க்கும் இஃது ஒன்றே மருந்தன்று. மனச்சிதைவு போன்ற நோய்களுக்கு மருந்துகள் இன்றியமையாதவை. கடுமையான மனச்சோர்வுக்கும் பலருக்கு மருந்து தேவைப்படும். எது எவருக்கு உரியது என்பதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

இனி என் மாணவனிடம் மீள்வோம். கட்டாயப்படுத்துவதும் தவறு, முற்றும் விலக்கியதும் தவறு. இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருந்தது. முதலில் என்முன் தனியே ஒரு வரி, பின்னர் ஒரு நண்பன்முன் ஒரு பத்தி, பின்னர் ஒரு பெஞ்சு மாணவர்முன் ஒரு பக்கம், அதன்பின் வகுப்பு. அந்தப் படிகளை நான் அமைத்துத் தரவில்லை. அவனை மருத்துவரிடம் காட்டுமாறு பெற்றோருக்குச் சொல்லவும் இல்லை.

உங்களுள் எவரேனும் இவ்வாறு அஞ்சி ஒதுங்குவாராயின், அது கோழைத்தனம் என்று நாணி மறைக்க வேண்டா. நம்பத்தக்க ஆசிரியரிடமோ பெற்றோரிடமோ கூறுங்கள். 2022-இல் இந்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் என்னும் மனநல உதவி அமைப்பை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம். உங்கள் பக்கத்திலிருக்கும் நண்பன் அஞ்சினால் நகைக்காதீர்கள். அவன் முதல் வரியைப் படிக்கும்போது பொறுமையுடன் கேட்டிருங்கள். அவனுக்கு அதுவே முதற்படி.