கையால் கற்றதும் கேளாமல் விட்டதும்

டென்மார்க்கின் 'பயணிக்கும் உயர்பள்ளி' நாமறிந்த உயர்தரப் பள்ளியல்ல. வளர்ந்தோருக்கான, பரீட்சையற்ற பள்ளி. 1970இல் தொடங்கிய அதன் மாணவர்கள் பழைய பஸ்களைத் தாமே திருத்தி, துருக்கி, ஈரான் ஊடாக இந்தியாவரை சென்றனர். 1975–78இல் ட்விண்ட் என்ற இடத்தில் ஆசிரியரும் மாணவரும் தொண்டருமாகப் பெரும் காற்றாலையொன்றைக் கட்டினர். 54 மீற்றர் விட்டச் சுழலியின் அலகுகளையும் கண்ணாடியிழையால் தாங்களே செய்தனர்.

விரிவுரை மண்டபத்திலும் பின்னர் தொழிற்சாலையிலும் நின்றவன் என்ற வகையில் சொல்கிறேன்: பிழையாகப் பூட்டிய போல்ட் உடனே காட்டிக் கொடுத்துவிடும். விரிவுரை அப்படியல்ல (பரீட்சைத்தாளும்தான்).

ஆனால் ஆசிரியர்கள் தம் சம்பளத்தைப் பொதுநிதியில் சேர்த்த அமைப்பு அது. அந்நிதியின் கணக்கைக் கேட்பதும் அனுபவக் கல்விதானே? நமது இயக்கங்களைக் கண்டவர்களுக்கு இக்கேள்வி புதிதல்ல. டென்மார்க்கில் பாராளுமன்றம் 1996இல் தனிச்சட்டம் இயற்றி ட்விண்ட் பள்ளிகளின் மானியத்தை நிறுத்தியது. வழக்கு விசாரணையின்றித் தண்டித்த அச்சட்டத்தை 1999இல் உச்சநீதிமன்றம் ரத்துச்செய்தது.