தேவைக்கேற்ற காமிராவும் லென்ஸும்

பள்ளிக்கோ அலுவலகத்திற்கோ காமிரா வாங்க முற்படுவோர், "எந்தக் காமிரா சிறந்தது?" என்றே முதலில் வினவுகின்றனர். ஆயின், எதை, எவ்வளவு தொலைவிலிருந்து, எத்தகைய வெளிச்சத்தில் படம் பிடிக்கப் போகிறோம் என்பதே முதற்கண் தீர்மானிக்கத் தக்கது. இவற்றிற்கு விடை கிடைத்தால் லென்ஸ் எதுவெனத் தெளிவாகும். அதன் பின்னரே காமிராவைத் தேட வேண்டும். கொச்சியை அடுத்த திருப்பூணித்துறையையும் அதன் சுற்றுப்புறத்தையும் கொண்டு இதனை விளக்குவோம்.

திருப்பூணித்துறை பூர்ணத்ரயீசர் கோயிலின் விருச்சிக உற்சவத்தில் யானைகள் அணிவகுத்து நிற்கும். 3 மீட்டர் உயரமுள்ள யானையை 30 மீட்டர் தொலைவிலிருந்து 50 மில்லிமீட்டர் குவியத் தூரமுள்ள லென்ஸால் எடுத்தால், பிம்பத்தின் உயரம் 5 மில்லிமீட்டரே. 200 மில்லிமீட்டர் லென்ஸ் அதனை 20 மில்லிமீட்டராக்கும். 36க்கு 24 மில்லிமீட்டர் அளவுள்ள சட்டத்தை இது ஏறக்குறைய நிரப்பிவிடும். எனினும் நீண்ட லென்ஸில் கைநடுக்கம் பெரிதாகத் தெரியுமாதலின், வினாடியில் 200இல் ஒரு பங்கோ அதனினும் குறைந்த நேரமோ ஒளி விழச் செய்வது பொது விதி. இயலாவிடில் முக்காலி தேவை.

மட்டாஞ்சேரி அரண்மனையின் இராமாயணச் சுவரோவியங்கள் போன்றவற்றிற்கு இதற்கு மாறான தேவை ஏற்படுகிறது. அறைக்குள் 3 மீட்டருக்கு மேல் பின்னோக்கிச் செல்ல இடமில்லை எனக் கொள்வோம். அப்போது 50 மில்லிமீட்டர் லென்ஸ் சுவரில் சுமார் 2.2 மீட்டர் அகலத்தையே காணும். 24 மில்லிமீட்டர் அகலக் கோண லென்ஸ் 4.5 மீட்டரைக் காணும். காமிராவைச் சுவருக்கு இணையாகப் பிடித்தல் வேண்டும். சாய்த்தால் நேர்கோடுகள் ஒன்றையொன்று நோக்கிச் சாயும். உரிய அனுமதி பெறுவதும், மின்னொளி விளக்கைத் தவிர்ப்பதும் கடமையாகும்.

மங்கிய ஒளியில் லென்ஸின் துவாரமே முக்கியம். எஃப் 2 துவாரம் எஃப் 4 துவாரத்தைவிட நான்கு மடங்கு ஒளியை உள்ளே விடும்.

தாவரவியல், விலங்கியல் ஆசிரியர்களுக்குப் பூச்சிகளும் பூக்களுமே பாடப்பொருள்கள். 10 மில்லிமீட்டர் வண்டைச் சாதாரண லென்ஸ் ஏழில் ஒரு பங்களவே காட்டும். இதற்கெனப் பெருவிலை லென்ஸ் வாங்க வேண்டுவதில்லை. 50 மில்லிமீட்டர் லென்ஸுக்கும் காமிராவுக்கும் இடையே 50 மில்லிமீட்டர் நீட்டிப்புக் குழாயைப் பொருத்தினால் பிம்பம் வண்டின் முழு அளவை எட்டும்.

காமிராவின் உணரி சிறிதாயின் காட்சி குறுகும். 24க்கு 16 மில்லிமீட்டர் உணரியில் 200 மில்லிமீட்டர் லென்ஸ், பெரிய சட்டத்தில் 300 மில்லிமீட்டர் லென்ஸ் காட்டும் அளவே காட்டும். தொலைவிலுள்ள பறவைகளை எடுப்போருக்கு இது அனுகூலம். அறைக்குள் எடுப்போருக்கு இடையூறு.

இயற்கையியலறிஞர் மா. கிருஷ்ணன் (1912–1996) பல கருவிகளின் பாகங்களை இணைத்துத் தமக்கென அமைத்த பருமனான காமிராவைக் கொண்டே காட்டு யானைகளைப் படம் பிடித்தார். கருவியின் பெயரன்று, பணிக்கு அது பொருந்துவதே அவர் நாடியது என்பது இதனால் விளங்கும்.

எனவே, விலைப்பட்டியலைப் புரட்டுமுன் கடந்த ஆண்டில் தங்களுக்குத் தேவைப்பட்ட படங்களை வரிசையாக எழுதிப் பார்க்க. அவற்றுள் பெரும்பாலானவற்றிற்கு எந்த லென்ஸ் பொருந்துமோ அதனையே முதலில் வாங்குக. காமிராவை மறு ஆண்டிலும் மாற்றிக் கொள்ளலாம். ஒருமுறை பூத்து உதிர்ந்த பூவையும், செப்பனிடுமுன் சிதைந்த ஓவியத்தையும் மீண்டும் படம் பிடித்தல் இயலாது.