வரிசையில் ஒரு குடம்

எங்கள் தெருமுனையில் ஓர் அடிபம்பு இருந்தது. தொண்ணூறுகளின் ஊரப்பாக்கத்தில் கோடை வந்துவிட்டால், விடிவதற்கு முன்பே அதைச் சுற்றிப் பிளாஸ்டிக் குடங்கள் வரிசை கட்டிவிடும். பெண்கள் குடத்தை வைத்துவிட்டு வீட்டுக்குப் போய் உலையேற்றிவிட்டு வருவார்கள். ஆள் இல்லாவிட்டாலும் குடம் நகரும். பின்னால் நிற்பவர் தன் குடத்தோடு சேர்த்து அதையும் ஓரடி முன்னே தள்ளி வைப்பார்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. பள்ளிக்கு நேரமாகிறதே என்று, ஆளில்லாத ஒரு பச்சைக் குடத்தைத் தாண்டி எங்கள் குடத்தைப் பம்புக்கடியில் வைத்துவிட்டேன். வரிசையில் நின்ற அடுத்த தெருப் பாட்டி ஒருவர் என் கையைப் பிடித்தார். அவர் அந்தக் குடத்துக்காரருக்கும் உறவில்லை, எங்களுக்கும் உறவில்லை. “ஏன்டா தம்பி, ஆளு இல்லன்னா கொடத்துக்கு மொற இல்லாம போயிடுமா?” என்றார். வழியில் அம்மாவைப் பார்த்து விஷயத்தையும் சொல்லிவிட்டார்.

என் பிள்ளையைக் கேட்க நீங்கள் யார் என்று அம்மா சண்டைக்குப் போகவில்லை. “போ, அவங்க கொடத்த ரொப்பி அவங்க வீட்லயே வெச்சிட்டு வா” என்று என்னைத் திருப்பி அனுப்பினார். தளும்பி வழிந்த நீரில் கால்சட்டை நனைய, இரண்டு கைகளாலும் அந்தக் குடத்தைத் தூக்கிக்கொண்டு நடந்த தூரம் இன்றும் உடம்பில் இருக்கிறது. குடிமையியல் என்ற பாடத்தைப் புத்தகத்தில் பார்ப்பதற்கு முன்பே அதை நான் தெருவில் படித்துவிட்டேன்.

நியூயார்க்கில் வாழ்ந்த ஜேன் ஜேக்கப்ஸ், நகரங்களைப் பற்றி 1961-ல் எழுதிய புகழ்பெற்ற நூலில் இதற்கு இணையான ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறார். அவருடைய மகன் சாலையின் குறுக்கே ஓடியபோது, தெருவில் கடை வைத்திருந்த பூட்டுக்காரர் அதட்டித் திருப்பினார். பிறகு பையனின் அப்பாவிடமும் சொன்னார். பெற்றோரும் ஆசிரியரும் கண்டிப்பது அவர்கள் கடமை. எந்தக் கடமையும் இல்லாத ஒருவர் தன்மீது அக்கறை காட்டுவதைப் பார்க்கும் குழந்தைதான், தானும் பிறர்மீது அக்கறை காட்ட வேண்டும் என்று கற்கிறது என்பது ஜேக்கப்ஸின் வாதம். எங்கள் பாட்டிக்கு ஜேக்கப்ஸைத் தெரியாது. பாடம் ஒன்றுதான்.

ஊரா, நகரமா?

வண்டலூருக்கும் கூடுவாஞ்சேரிக்கும் நடுவே, ஜி.எஸ்.டி. சாலையும் ரயில் பாதையும் ஊடறுத்துப் போகும் ஊர் எங்கள் ஊரப்பாக்கம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அதை நகரம் என்றது. நிர்வாகத்திலோ அது காட்டாங்கொளத்தூர் ஒன்றியத்தின் ஒரு கிராம ஊராட்சி. 2021-ல் ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் இணைத்துத் தாம்பரம் மாநகராட்சி உருவானபோதும் ஊரப்பாக்கம் வெளியேதான் நின்றது. 2023 டிசம்பர் 30 அன்று பக்கத்திலேயே கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்டது. வயல்கள் மனைகளாயின, மனைகள் அடுக்குமாடிகளாயின.

இந்த மாற்றத்தில் வீட்டின் வடிவமும் மாறியது. திண்ணை இருந்த இடத்தில் ஆளுயரச் சுற்றுச்சுவர் நிற்கிறது. கார் ஏறுவதற்காக மழைநீர்க் கால்வாயின் மேல் சிமென்ட் சரிவு போட்டிருக்கிறோம். தண்ணீர் லாரி சம்ப்பை நிரப்பிவிட்டுப் போகிறது. குடம் வைத்து நிற்கும் வரிசை போய்விட்டது. அதிகாலையில் பம்படிக்கும் துன்பத்தை யாரும் திரும்பக் கேட்க மாட்டோம். ஆனால் அந்த வரிசை பிள்ளைகளுக்குக் கற்றுத் தந்ததை வேறெங்கே கற்றுத் தருகிறோம் என்று கேட்காமலும் இருக்க முடியாது. கேட்டுக்கு வெளியே நடப்பது நமக்குச் சம்பந்தமில்லை என்பதைச் சுவரே தினமும் பிள்ளைக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

தண்ணீர் அறிந்த அக்கம்பக்கம்

செங்கல்பட்டை ஏரி மாவட்டம் என்பார்கள். ஓர் ஏரி நிரம்பிக் கலங்கல் வழியே வழிந்தால், அந்த நீர் அடுத்த ஊர் ஏரிக்குப் போகும்படி நம் முன்னோர் அமைத்திருந்தார்கள். நமக்குப் பக்கத்தில் ஆதனூர்ப் பகுதி ஏரிகளின் உபரிநீர் மண்ணிவாக்கம், வரதராஜபுரம், முடிச்சூர் வழியாக அடையாறாக ஓடுகிறது. 2015 டிசம்பர் 1-2 தேதிகளில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியபோது, முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் படகுகள் தெருவுக்குள் வந்தன. மேட்டில் இருப்பவர் அடைக்கும் கால்வாய், பள்ளத்தில் இருப்பவர் வீட்டுக்குள் வெள்ளமாக நுழைகிறது. மனையை இரண்டடி உயர்த்திக்கொண்டால் தப்பிக்கலாம் என்று நினைக்கிறோம். அந்த இரண்டடித் தண்ணீர் பக்கத்து வீட்டுக்குத்தான் போகிறது.

அந்த முடிச்சூரில் வளர்ந்தவர்தான் அருண் கிருஷ்ணமூர்த்தி. சிறுவயதில் வீட்டருகே பார்த்துப் பழகிய நீர்நிலைகள் சீரழிந்தது அவரை உலுக்கியது. கூகுள் நிறுவன வேலையை விட்டுவிட்டு ஏரிகளைத் தூர்வாரி மீட்கும் வேலைக்கு வந்தார். 2007-ல் அவர் தொடங்கிய அமைப்பு, தன்னார்வலர்களோடு பல ஊர்களில் குளங்களைச் சீர்செய்து வருகிறது. கீழ்க்கட்டளை ஏரியை மீட்கும் திட்டத்துக்காக 2012-ல் ரோலக்ஸ் விருது பெற்றார். எல்லாப் பிள்ளையும் ஏரியை மீட்கப் போவதில்லை. ஆனால் தன் தெருக் குளத்தைத் தன்னுடையது என்று நினைக்காத பிள்ளை, நாளை நாட்டைத் தன்னுடையது என்று எப்படி நினைக்கும்?

குடவோலைக் குடம்

இதே வட்டாரத்து உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆண்டுகளில் வெட்டப்பட்ட கல்வெட்டுகள் உள்ளன. குடும்புகள் எனப்பட்ட முப்பது ஊர்ப் பிரிவுகளிலிருந்து பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டு வாரியங்களுக்கு ஆள் எடுத்த முறையை அவை விவரிக்கின்றன. ஏரியைக் காக்க ஏரி வாரியமே இருந்தது. கணக்குக் காட்டாதவர் மீண்டும் வர முடியாது. ஆனால் அந்தக் குடத்தில் எல்லார் பெயரும் விழவில்லை. அந்த ஊர்ச் சபை பிராமணர் சபை. வரி செலுத்தும் நிலமும் சொந்த மனையில் கட்டிய வீடும் உள்ளவரே தகுதி பெற்றனர்.

இன்றைய கிராம சபை யாரிடமும் பட்டா கேட்பதில்லை. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் போதும், நீங்கள் உறுப்பினர். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு முறை அது கூடுகிறது. ஆனால் “நாம வாடகைக்குத்தானே இருக்கோம், நமக்கெதுக்கு?” என்ற பேச்சை ஊரப்பாக்கத்துத் தெருக்களில் நான் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். ஆயிரம் ஆண்டுக்கு முன் கல்லில் வெட்டிய தகுதி விதியை, இன்று நாமே நம்மீது போட்டுக்கொள்கிறோம். பத்து வருடம் ஓர் ஊரின் தண்ணீரைக் குடித்துவிட்டு, ஓட்டைச் சொந்த ஊரிலேயே வைத்திருக்கும் குடும்பங்கள் பல. படிவம் 8 நிரப்பிக் கொடுத்தால் ஓட்டு இங்கே வந்துவிடும். அதைவிடப் பெரிய விஷயம், இது எங்க ஊர் என்று அந்த வீட்டுப் பிள்ளை சொல்லத் தொடங்கும்.

அடுத்த கிராம சபைக்குப் போகும்போது பிள்ளைகளையும் கையோடு கூட்டிப் போங்கள். கூட்டம் சலிப்பாக இருக்கலாம், வெயிலாக இருக்கலாம். ஆனால் தன் அம்மா எழுந்து நின்று, பக்கத்துத் தெருவில் அடைபட்ட கால்வாயைப் பற்றிக் கேட்பதை ஒரு குழந்தை பார்க்கட்டும். நம்ம தெருவே இல்லையே, ஏன் கேட்டீங்க என்று வீடு திரும்பும் வழியில் அது கேட்கும். அப்போது சொல்லுங்கள், வரிசையில் ஆளில்லாமல் நின்ற ஒரு பச்சைக் குடத்தின் கதையை.