கைபேசியின் பூட்டைத் திறக்குமுன்

சென்ற பொங்கல் விழாவின்போது, சங்க அரங்கின் வாசலில் சர்க்கரைப் பொங்கல் தொன்னையுடன் நின்றுகொண்டிருந்தேன். நம் உறுப்பினர் ஒருவரின் மகன், கல்லூரியில் படிக்கும் பையன், அருகில் வந்தான்.

"அங்கிள், அப்பாவோட பழைய போன் வீட்ல சும்மா கெடக்கு. பூட்லோடரைத் திறந்து புது ஆண்ட்ராய்டு போடலாம்னு இருக்கேன். நீங்க செஞ்சிருக்கீங்களாமே?"

"செஞ்சிருக்கேன் தம்பி. ஒரு தடவை தப்பா, ஒரு தடவை சரியா" என்றேன்.

பக்கத்தில் நின்ற அவன் தந்தை, "அந்தத் தப்பை நம்ம பத்திரிகையில எழுதுங்க சார், நாலு பேருக்குப் பயன்படும்" என்றார். அதனால்தான் இக்கட்டுரை.

நான் கணினி நிபுணன் அல்லன். மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் வேலை கிடைத்து 1984-இல் தில்லிக்கு வந்தவன். ஓய்வு பெற்ற பின் பொழுது போகாமல் கைபேசியை நோண்டக் கற்றுக்கொண்டவன். ஆகவே, வீட்டில் இருப்பவர்களுக்குப் புரிகிற மொழியிலேயே சொல்லிப் பார்க்கிறேன்.

பூட்லோடர் என்பது யார்?

நம் காலனி வாசலில் சௌகிதார் இருக்கிறார் அல்லவா? கைபேசிக்குள்ளும் அப்படி ஒருவர் இருக்கிறார். பொத்தானை அழுத்தியவுடன் முதலில் விழித்துக்கொள்ளும் சிறு நிரல்களில் ஒன்றுதான் பூட்லோடர். ஆண்ட்ராய்டு என்னும் பெரிய மென்பொருளை உள்ளே விடுவது அதன் வேலை. விடுமுன், "இது தயாரிப்பாளரின் முத்திரை உள்ளதுதானா?" என்று சோதிக்கும். 2016-இல் வந்த ஆண்ட்ராய்டு 7 முதல் இந்தச் சோதனை மிகவும் கண்டிப்பாகிவிட்டது.

பூட்லோடரைத் திறப்பது என்றால் அந்தச் சௌகிதாரிடம், "இனி நான் சொல்பவரை உள்ளே விடு, முத்திரை கேட்காதே" என்று சொல்வது. தயாரிப்பாளர் சில ஆண்டுகளில் புதிய பதிப்புகளை அனுப்புவதை நிறுத்திவிடுகிறார். கைபேசியோ நன்றாகத்தான் இருக்கிறது. அத்தகைய கைபேசிகளுக்கு லினியேஜ் ஓ.எஸ். போன்ற, ஆர்வலர்கள் சேர்ந்து உருவாக்கும் ஆண்ட்ராய்டுப் பதிப்புகள் உண்டு. 2016 இறுதியில் நின்றுபோன சயனோஜென்மாட் என்பதன் வாரிசு அது. அதை ஏற்ற வேண்டுமானால் முதலில் பூட்டைத் திறந்தாக வேண்டும்.

திறந்தால் ஏன் எல்லாம் அழிகிறது?

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். பூட்டைத் திறக்கும் கட்டளையைக் கொடுத்து, கைபேசித் திரையில் சம்மதமும் கொடுத்துவிட்டால், உள்ளே இருக்கும் படம், குரல், குறுஞ்செய்தி, செயலி அனைத்தும் துடைக்கப்படும். இது கோளாறு அன்று. வேண்டுமென்றே வைத்திருக்கும் பாதுகாப்பு.

உங்கள் கைபேசி மெட்ரோவில் திருட்டுப் போகிறது என்று வையுங்கள். திருடன் பூட்லோடரைத் திறந்து தன் மென்பொருளை ஏற்றி, உங்கள் தகவல்களைப் படித்துவிடக் கூடாது. எனவே வாசல் திறக்குமுன் வீடு காலி செய்யப்படுகிறது. திறப்பவர் திருடனா, வீட்டுக்காரரா என்று சௌகிதாருக்குத் தெரியாது. இருவருக்கும் ஒரே நீதி.

அழிந்ததைக் கடையில் கொடுத்து மீட்கலாமே என்று தோன்றும். பழைய கணினியில் அழித்த கோப்புகளை மீட்டதைப் பார்த்தவர்களுக்கு அந்த நம்பிக்கை வரும். ஆனால் இன்றைய கைபேசிகள் தகவலைக் குறியாக்கம் செய்தே எழுதுகின்றன. ஆண்ட்ராய்டு 10-உடன் 2019 முதல் வெளிவந்த புதிய கைபேசிகள் அனைத்துக்கும் இது கட்டாயம். துடைக்கும்போது அந்தக் குறியாக்கத்தின் திறவுகோலும் அழிந்துபோகிறது. அதன் பிறகு உள்ளே என்ன மிச்சம் இருந்தாலும் அது வெறும் கிறுக்கல்தான்.

நான் இழந்தது

என் தாயார் கும்பகோணத்தில் இருந்தார். எழுத்துகளைத் தட்டத் தெரியாது. வாட்ஸப்பில் அந்த ஒலிவாங்கிப் படத்தை அழுத்திப் பேச மட்டும் என் தங்கை கற்றுக்கொடுத்திருந்தாள். "சாப்ட்டியாப்பா? அங்க குளிர் ஆரம்பிச்சிடுச்சாமே, காதைக் கட்டிக்கோ." இவ்வளவுதான் இருக்கும். 2024 அக்டோபரில் அவர் காலமானார்.

அந்த டிசம்பரில் நான் என் பழைய கைபேசியின் பூட்லோடரைத் திறந்தேன். முன்னெச்சரிக்கை இல்லாமல் இல்லை. கேமரா படங்கள் இருக்கும் கோப்புறையைக் கணினியில் நகல் எடுத்தேன். மற்றதெல்லாம் "கூகுளில் இருக்கிறது" என்று நம்பினேன். இருந்தது, ஆனால் ஜூன் மாதம் வரை மட்டும். கூகுள் இலவசமாகத் தரும் இடம் 15 ஜி.பி. புகைப்படங்கள் 2021 ஜூன் முதல் அந்தக் கணக்கில் சேர்கின்றன. வாட்ஸப் காப்பு நகலும் 2024-இல் சேரத் தொடங்கியது. இடம் நிரம்பியதும் என் காப்பு நகல் நின்றுவிட்டது. கைபேசி அதை எனக்கு அறிவித்துக்கொண்டுதான் இருந்தது. நான்தான் தள்ளிவிட்டுக்கொண்டே இருந்தேன்.

அம்மாவின் கடைசி நான்கு மாதக் குரல் போய்விட்டது. நேரு பிளேசில் ஒரு கடைக்காரரிடம் கொண்டுபோனேன். பார்த்துவிட்டு, "இதற்குப் பணம் வாங்கினால் உங்களை ஏமாற்றியதாகும்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். நல்ல மனிதர்.

1984-இல் நான் வந்தபோது அம்மா எழுதிய இன்லண்ட் கடிதங்கள் இன்றும் டிரங்குப் பெட்டியில் இருக்கின்றன. நாற்பது ஆண்டுக் கடிதம் பத்திரமாக இருக்கிறது. நான்கு மாதக் குரல் இல்லை. ஊரைவிட்டு வந்த நமக்குக் கைபேசி என்பது அந்த டிரங்குப் பெட்டிதான் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

எவற்றை, எப்படிக் காப்பது?

2025 செப்டம்பரில் என் மனைவிக்குப் புதுக் கைபேசி வாங்கினோம். பழையதன் பூட்டைத் திறக்கலாமா என்று கேட்டேன். "என்னங்க, எங்க அம்மா பேசினதெல்லாம் அதுல இருக்கு. போச்சுன்னா நான் சும்மா இருக்க மாட்டேன்" என்றாள். என் மாமியார் திருநெல்வேலியில் இருக்கிறார். இந்த முறை ஒரு தாளில் பட்டியல் எழுதி, ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தேன். அந்தப் பட்டியல் இதுதான்:

1. தொலைபேசி எண்கள். எல்லா எண்களும் கூகுள் கணக்கில் இருப்பதில்லை. சில சிம் கார்டிலும், சில கைபேசியிலும் மட்டும் இருக்கும். தொடர்புகள் செயலியில் அனைத்தையும் ஒரே கோப்பாக ஏற்றுமதி செய்யும் வசதி உண்டு. அந்தக் கோப்பைக் கணினியில் சேமியுங்கள்.

2. படங்களும் ஆவணங்களும். கேபிள் வழியே கணினியுடன் இணைத்து, திரையில் "கோப்புப் பரிமாற்றம்" என்பதைத் தேர்ந்தெடுங்கள். கேமரா கோப்புறை மட்டும் போதாது. படங்கள், பதிவிறக்கங்கள், ஆவணங்கள், ஒலிப்பதிவுகள் ஆகியவற்றுக்கான கோப்புறைகளையும் எடுங்கள். கூகுள் போட்டோஸ் இயல்பாகக் கேமரா படங்களை மட்டுமே காக்கும். வாட்ஸப்பில் வந்த படங்களை, நாம் தனியாகச் சொன்னால்தான் சேர்க்கும்.

3. வாட்ஸப். அமைப்புகளில் அரட்டைக் காப்பு நகல் என்ற பக்கத்தைத் திறந்து, கடைசியாக எடுத்த தேதியை வாய்விட்டுப் படியுங்கள். நான் செய்யத் தவறியது இந்த ஒன்றைத்தான். பிறகு அங்கேயே புதிதாக ஒரு நகல் எடுங்கள். வீடியோக்களையும் சேர்க்கும் தேர்வு தனியே இருக்கிறது. அந்த நகலுக்குக் கடவுச்சொல் வைத்திருந்தால் அது நினைவிருக்கிறதா என்று பாருங்கள். மறந்துவிட்டால் வாட்ஸப் நிறுவனமே திறந்து தர முடியாது. இவற்றோடு, ஆண்ட்ராய்டு என்ற கோப்புறைக்குள் மீடியா என்பதனுள் இருக்கும் வாட்ஸப் கோப்புறை முழுவதையும் கணினியில் நகல் எடுங்கள்.

குரல் பதிவுகளைப் பற்றி ஒரு வார்த்தை. அவை அந்தக் கோப்புறையில் தேதியையும் ஒரு வரிசை எண்ணையும் பெயராகக் கொண்டிருக்கும். யார் பேசியது என்பது பெயரில் இராது. பத்து ஆண்டு கழித்து ஆயிரம் கோப்புகளில் அம்மாவைத் தேட முடியுமா? எனவே முக்கியமானவரின் உரையாடலைத் திறந்து, அதை மட்டும் ஊடகங்களுடன் ஏற்றுமதி செய்து, அவர் பெயரிட்ட கோப்புறையில் வையுங்கள்.

4. குறுஞ்செய்திகள். கூகுளின் காப்பு நகலில் இவை சேரும். தனிக் கோப்பாக எடுத்துத் தரும் செயலிகளும் உள்ளன.

5. வங்கியும் யு.பி.ஐ.யும். இவற்றை நகல் எடுக்க முடியாது, எடுக்கவும் தேவையில்லை. சிம் கார்டு மூலம் மறுபடி பதிவு செய்வதுதான் வழி. அதற்குக் குறுஞ்செய்தி அனுப்பும் அளவுக்கு ரீசார்ஜ் இருக்கட்டும். ஒருமுறைக் குறியீடு தரும் ஆத்தென்டிகேட்டர் செயலி வைத்திருந்தால், அதை முன்கூட்டியே வேறு கைபேசிக்கு மாற்றிவிடுங்கள்.

6. கூகுள் கடவுச்சொல். துடைத்த கைபேசி மறுபடி கூகுள் கணக்கைக் கேட்கும். "உங்கள் இன்னொரு கைபேசியில் உறுதிசெய்யுங்கள்" என்றும் சொல்லும். அந்த இன்னொரு கைபேசி, நீங்கள் இப்போது துடைத்த இதுவேயாக இருந்தால்? பெட்டிக்குள் சாவியை வைத்துப் பெட்டியைப் பூட்டிய கதைதான். கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பக்கத்தில் பத்து அவசரக் குறியீடுகள் கிடைக்கும். அச்சிட்டுப் பணப்பையில் வையுங்கள்.

7. மெமரி கார்டு. கழற்றி எடுத்துவிடுங்கள். ஆனால் ஒரு கண்ணி இருக்கிறது. சில கைபேசிகளில் கார்டைக் கைபேசியின் உள் நினைவகமாகவே மாற்றி வைத்திருப்போம். அப்போது அதன் திறவுகோல் கைபேசிக்குள் இருக்கும். கைபேசியைத் துடைத்தால் கார்டையும் படிக்க முடியாது. அத்தகைய கார்டில் உள்ளவற்றையும் முதலில் கணினிக்கு மாற்றுங்கள்.

"கைபேசியை அப்படியே முழுதாக ஒரு பிரதி எடுக்க முடியாதா?" என்று இளைஞர்கள் கேட்பார்கள். அதைச் செய்யும் டி.டபிள்யூ.ஆர்.பி. போன்ற கருவிகள் பொதுவாகப் பூட்டைத் திறந்த பிறகே ஏறும். திறந்தாலோ எல்லாம் அழிந்துவிடும். கணினியிலிருந்து ஏ.டி.பி. பேக்கப் என்ற கட்டளை கொடுக்கும் பழைய முறையையும் நம்ப வேண்டாம். 2021-இல் வந்த ஆண்ட்ராய்டு 12 முதல் பெரும்பாலான செயலிகளின் தகவல் அதில் சேர்வதில்லை. மேலே சொன்ன சாதாரண வழிகள்தாம் நமக்கு உள்ளவை.

நகல் எடுத்தால் போதுமா?

போதாது. திறந்து பார்க்காத நகல், எண்ணிப் பார்க்காமல் வாங்கிய சில்லறை போன்றது.

கணினியில் உள்ள கோப்புகளின் எண்ணிக்கையும் அளவும் கைபேசியில் உள்ளவற்றோடு ஒத்திருக்கின்றனவா என்று பார்த்தேன். அங்கும் இங்குமாகப் பத்துப் படங்களைத் திறந்தேன். வாட்ஸப் நகலைச் சோதிக்க ஒரே வழி, அதை வேறு கைபேசியில் மீட்டுப் பார்ப்பதுதான். மனைவியின் சிம்மைப் புதுக் கைபேசியில் போட்டு, அதே எண், அதே கூகுள் கணக்கு கொண்டு மீட்டேன். பழைய கைபேசி அதுவரை தொடப்படாமல் மேசைமேல் கிடந்தது. யு.பி.ஐ.யையும் புதியதில் பதிந்து, பால்காரருக்குப் பத்து ரூபாய் அனுப்பிப் பார்த்தோம்.

பிறகு மனைவி ஒரு பழைய குரல் பதிவைத் தட்டினாள். "சொதிக்கு மொதப் பாலைக் கடைசியிலதான் ஊத்தணும் ஏட்டி, கொதிக்க விட்டுராத." மாமியாரின் குரல் கூடம் முழுக்கக் கேட்டது. அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு அனுமதி கிடைத்தது.

இருந்தும் ஒரே நகலோடு நிற்கவில்லை. வீட்டுக் கணினியில் ஒன்று, தனி ஹார்ட் டிஸ்கில் ஒன்று. இன்னொன்றைப் பென் டிரைவில் போட்டு மைத்துனரிடம் திருநெல்வேலிக்குக் கொடுத்தனுப்பினோம். ஒரு வீட்டில் தண்ணீர் புகுந்தாலும் மற்றதில் இருக்கும்.

இன்னும் சில எச்சரிக்கைகள்

எல்லாக் கைபேசியையும் திறக்க முடியாது. சில நிறுவனங்கள் அனுமதிக்கின்றன, சில அனுமதிப்பதில்லை. ஹுவாவே 2018-இல் திறவுக் குறியீடு தருவதையே நிறுத்திவிட்டது. சில நிறுவனங்கள் விண்ணப்பித்த பின் பல நாட்கள் காத்திருக்க வைக்கின்றன. அப்படிக் காத்திருந்தால், அந்த நாட்களில் வந்த படங்களும் செய்திகளும் பழைய நகலில் இரா. திறக்கும் அன்று காலையில் இன்னொரு முறை நகல் எடுங்கள்.

திறந்த கைபேசியில் பல வங்கிச் செயலிகள் வேலை செய்ய மறுக்கும். முத்திரை பார்க்காத வாசலை வங்கிகள் நம்புவதில்லை. எனவே அன்றாடம் பணம் அனுப்பும் கைபேசியில் இந்தச் சோதனை வேண்டாம். வீட்டில் இரண்டாவதாக இருக்கும் கைபேசிதான் இதற்கு ஏற்றது. மேலும், திறந்த பூட்டை மறுபடி பூட்டினாலும் எல்லாம் அழியும். வேறு மென்பொருள் உள்ள நிலையில் பூட்டினால் கைபேசி இயங்காமலே போகலாம்.

மனைவியின் அந்தப் பழைய கைபேசி இப்போது லினியேஜுடன் சமையலறை அலமாரியில் இருக்கிறது. வானொலி கேட்கவும், பேத்தி படம் பார்க்கவும் பயன்படுகிறது. திறப்பதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அதற்கு முந்தைய வேலைக்கு இரண்டு நாள் பிடித்தது.

பொங்கலன்று கேட்ட பையனிடம் நான் சொன்னது இவ்வளவுதான்: "தம்பி, அப்பாவோட போன்ல யாரோட குரல் இருக்குன்னு முதல்ல அவர்கிட்டயே கேளு. அவர் இன்னொரு போன்ல அதைக் காதால கேட்டுட்டு 'சரி'ன்னு சொல்லட்டும். அப்புறம் திற."

அன்பர்களே, பூட்டைத் திறக்கும் எண்ணமே உங்களுக்கு இல்லாமல் இருக்கலாம். ஆனாலும் இன்றிரவு வாட்ஸப்பில் அந்தக் காப்பு நகல் தேதியை மட்டும் ஒரு முறை பாருங்கள். கைபேசி தண்ணீரில் விழுவதற்குச் சம்மதம் கேட்பதில்லை.