வால்வின் தகடு சிவப்பதேன்?

1945க்குப் பின் போர் எச்சச் சரக்காக மலிவில் கிடைத்த 807 என்னும் வால்வை அமெச்சூர் வானொலியாளர் பெரிதும் விரும்பினர். 600 வோல்ட்டில் 100 மில்லி ஆம்பியர் ஓடினால் அது ஏற்பது 60 வாட். இசைவு பொருந்தின் ஏறத்தாழ 40 வாட் வான்கம்பிக்குச் செல்லும். எஞ்சியது தகட்டில் வெப்பமாகும். தொடர் வேலையில் தகடு தாங்குவதோ 25 வாட்டே.

முன்கட்டத்து அலை நின்றுவிடுவதே பெருங்கேடு. பல கருவிகளில் கிரிட் என்னும் வலைக்கம்பியின் எதிர்மின்னழுத்தம் அவ்வலையால் உண்டாவது. அலை நின்றால் அதுவும் மறையும். மின்னோட்டம் கட்டின்றிப் பெருகித் தகடு செந்தணலாகும். உருகுகம்பியை மட்டும் நம்பலாகாது. சிறிதளவு மிகையை அது நெடுநேரம் பொறுத்துக்கொள்ளும்.

கேதோடு வழியில் ரிலே ஒன்றை வைத்தால், அளவு மீறியதும் உயரழுத்தம் துண்டிக்கப்படும். அங்கேயே ஒரு மின்தடையும் இருப்பின், ஓட்டம் ஏற ஏறத் தனக்குத்தானே கடிவாளமிடும். அதனால் சில வோல்ட் குறையும். வால்வு பிழைப்பதை நோக்க அது பெரிதன்று.